ஏற்காட்டு மலையில் வேன் ஸ்கிரீன் கழன்றால்: அறிகுறி பார்த்து சரிசெய்யும் முறை

பழைய 12 சீட் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் சமையல் மேடையும் போட்டு கேரவனாக ஓட்டுகிறோம். வீடு சேலத்தில். லீவு கிடைத்தால் வண்டி ஏற்காட்டுக்குத்தான் திரும்பும். தையல் எனக்குக் கைவந்த வேலை என்பதால் ஸ்கிரீன் துணி ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் அதைத் தாங்குகிற சாமான்தான்: ஸ்பிரிங் (துணியைக் கோத்துவிடும் பிளாஸ்டிக் உறை போட்ட சுருள்கம்பி), கொக்கி, பிராக்கெட் (கொக்கியைத் தாங்க ஜன்னல் ஓரத்தில் அடிப்பது), சேனல் (ஸ்பிரிங்குக்குப் பதில் போடும் அலுமினியத் தடம்), ரன்னர் (சேனலுக்குள் ஓடித் துணியைத் தாங்கும் சின்னத் துண்டு).

அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் துணியெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து இழுக்கும், அடுத்ததில் வலப்பக்கம். இறங்கும்போது மறுபடியும் 20. அந்த இழுப்பு முழுவதும் ஜன்னலுக்கு இரண்டு ஸ்க்ரூவில் போய்ச் சேருகிறது. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் அந்த ஸ்க்ரூவை விரலால் ஆட்டிப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

## கையில் இருக்க வேண்டியவை

ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், உருண்டை மூக்குக் குறடு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வெள்ளிக் கம்பி வளைக்க வைத்திருப்பார்களே, அந்தக் குறடுதான். கொக்கி வளைக்க அதைப்போல வேறொன்று கிடையாது. 8ஆம் நம்பர், 10ஆம் நம்பர் தகட்டு ஸ்க்ரூ பத்துப் பத்து, அரை இன்ச் நீளத்தில். பெரிய வாஷர். பைக் கிளட்ச் கேபிளின் உள்கம்பி ஒன்று. இரண்டு மில்லிமீட்டர் கட்டுக்கம்பி கொஞ்சம். பிளாஸ்டிக் டை. நான்கு துளைச் சட்டைப் பட்டன் ஒரு டஜன், ஊசி நூல். மெழுகுவர்த்தி. பஞ்சரான சைக்கிள் டியூப் ஒரு முழம்.

டபுள் சைடு டேப், ஃபெவிக்விக் இரண்டையும் நான் பையில் வைப்பதை விட்டுவிட்டேன். சேலத்துச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பசை இளகும். ஏற்காட்டுப் பனியில் ஒட்டும் இடம் ஈரமாகும். முதல் வருடம் எட்டு பிராக்கெட்டை டேப்பால் ஒட்டினோம். குஷன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, வீட்டுச் சொவத்துல ஒட்டுற சாமானுங்க இது. தகரம் சூடேறுனா நிக்காதுங்க. ரெண்டு ரிவெட்டு அடிச்சிருங்க, பத்து வருசத்துக்குப் பேச்சே இருக்காது" என்றார். அந்த மே மாதமே எட்டும் ஒவ்வொன்றாக விழுந்தன.

## துளை போடுவதற்கு முன்

ஜன்னல் தூணிலோ கூரை ஓரத்திலோ ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ (இரண்டும் உள்ளே ஏர்பேக் இருப்பதைத்தான் சொல்லும்) எழுத்து தெரிந்தால் அந்த இடத்தில் ஸ்க்ரூ, ரிவெட், துளை எதுவும் வேண்டாம். பழைய வேன்களில் இது அநேகமாக இருக்காது. கார் வகை வண்டியைக் கேரவனாக்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சீட் பெல்ட் இறங்கும் தூணும் அப்படித்தான்.

உள்விளக்கு, ஏசி, ஸ்பீக்கர் வயர்கள் கூரை ஓரமாகத்தான் ஓடும். டிரில் பிட்டில் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் தகட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்குமேல் போனால் வயர் கிழியும், இல்லையென்றால் வெளித்தகடே பொத்துக்கொள்ளும்.

## அறிகுறி 1: ஸ்கிரீன் நடுவில் தொங்குகிறது

ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றி ஸ்பிரிங்கைத் தளர்வாகத் தரையில் நீட்டி அளந்து பாருங்கள்.

ஸ்பிரிங்கின் நீளமும் ஜன்னல் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்: ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது, நீளம்தான் அதிகம். இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும். 120 சென்டிமீட்டர் ஜன்னலுக்கு 108 போதும். பிளேயரால் நறுக்கி, கொக்கியை ஸ்பிரிங் வாய்க்குள் வலப்பக்கமாகத் திருகுங்கள். நறுக்கிய கம்பி முனை ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதை உள்பக்கமாக மடித்து டேப் சுற்றாவிட்டால் துணியைக் கிழித்துவிடும்.

கொக்கியின் வளைவு விரிந்திருந்தால்: குறடால் மூடிவிடுங்கள். இரண்டாவது தடவையும் விரிந்தால் அந்தக் கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு கட்டுக்கம்பியில் புதிதாக வளையுங்கள்.

பிளாஸ்டிக் உறை வெடித்து உள்ளே சுருளுக்குச் சுருள் இடைவெளி தெரிந்தால்: அந்த ஸ்பிரிங்கின் ஆயுள் முடிந்தது. எவ்வளவு நறுக்கினாலும் ஒரு வாரத்தில் மறுபடி தொங்கும். புதிது வாங்கும்வரை கிளட்ச் உள்கம்பியைப் போடலாம். கம்பியின் ஒரு முனையில் கம்பெனி போட்ட குண்டு இருக்கும். பிராக்கெட் துளை அந்தக் குண்டைவிடச் சிறியதாக இருந்தால் போதும், தானாக நிற்கும். மறுமுனைக்கு, மெக்கானிக் கடையில் கேபிளை இறுக்கத் தருகிற, திருகு வைத்த சின்னப் பித்தளைக் குண்டு ஒன்று. பைக் கேபிள் சிறிய ஜன்னலுக்குத்தான் எட்டும். பெரிய ஜன்னலுக்கு ஆட்டோ கேபிள் கேளுங்கள்.

கம்பியை வீணைத் தந்திபோல முறுக்கக் கூடாது. ஸ்பிரிங் கொஞ்சம் இடம் கொடுக்கும், கம்பி கொடுக்காது. கம்பியை இறுக்க இறுக்க பிராக்கெட்டை இழுக்கும் பலம் பல மடங்கு ஏறும். நடுவில் இரண்டு விரல் தொய்வு இருக்கட்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் தொங்கினால்: துணி கனம். வெளிச்சம் மறைக்கிற தடித்துணி போட்டவர்களுக்கு இது வரும். நான்கடிக்கு மேல் நீளமான ஜன்னல் என்றால் நடுவில் ஒரு தாங்கு கொக்கி கட்டாயம். அதிலும் நிற்காவிட்டால் குஷன் கடையில் அலுமினிய சேனலுக்கு மாறிவிடலாம். செலவு உண்டு, ஆனால் பின்பக்கப் பெரிய கண்ணாடிக்கு அதுதான் சரி.

## அறிகுறி 2: பிராக்கெட் கையோடு வந்துவிட்டது

நான் அதிகம் பார்த்தது இதைத்தான். விழுந்த பிராக்கெட்டை விட்டுவிட்டு, அது இருந்த துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து என்ன செய்வதென்று துளைதான் சொல்லும்.

துளை வட்டமாக, சுத்தமாக இருக்கிறது: ஸ்க்ரூ அதிர்வில் தானாகக் கழன்றிருக்கிறது. சைக்கிள் டியூபில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெட்டி பிராக்கெட்டுக்கு அடியில் வைத்து, அதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். ரப்பர் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

தகட்டுத் துளை பெரிதாகி ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது: 8ஆம் நம்பர் இருந்த இடத்தில் 10ஆம் நம்பர் போடுங்கள். இது ஒரு தடவைக்கு மட்டும். 10ஆம் நம்பரும் சுற்ற ஆரம்பித்தால் அதைவிடப் பெரிய ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, மரை பிடிக்க அதில் இடமில்லை. அடுத்த வழி ரிவெட், அதாவது தகட்டைக் கவ்வி நசுங்கி நிற்கும் ஆணி. அது டிங்கர் வேலை.

உள்பலகை பிளைவுட், துளை தூளாகிவிட்டது: பல்குத்தும் மூங்கில் குச்சி நான்கைந்தை ஃபெவிகாலில் தோய்த்து துளைக்குள் இறுக்கமாகச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிட்டு, ஸ்க்ரூவை மெதுவாக முடுக்குங்கள். ஓர் இரவு காயவிட்ட பிறகுதான் ஸ்பிரிங்கை மாட்ட வேண்டும். இது பலகைக்கு மட்டுமே, தகட்டில் பலிக்காது.

துளையைச் சுற்றிப் பலகையே பிய்ந்துவிட்டது: அதே இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு இன்ச் தள்ளி நல்ல இடம் பார்த்து, ஒரு பழைய கதவுக் கீலை எடுங்கள். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பெரும்பாலும் வீட்டிலேயே ஒன்று கிடக்கும். கீலை முழுசாக விரித்து, ஒரு இதழின் மூன்று துளையிலும் ஸ்க்ரூ போட்டுப் பலகையில் பொருத்துங்கள். மறு இதழ் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும். அதன் ஓரத்துளையில் ஸ்பிரிங் கொக்கியை மாட்டினால் இழுப்பு நேர்கோட்டில் போகும், கீல் மடங்காது. ஒரு ஸ்க்ரூ தாங்கியதை இப்போது மூன்று பங்குபோட்டுக்கொள்ளும். "தற்காலிகம்" என்று சொல்லி இப்படிப் போட்ட ஒரு கீல் எங்கள் வண்டியில் இரண்டு வருடமாக அசையாமல் இருக்கிறது.

டிங்கரிடம் போக வேண்டிய நேரம்: துளையைச் சுற்றித் துரு ஏறியிருந்தால், கட்டைவிரலால் அழுத்தும்போது தகடு உள்ளே போய் வந்தால், பின்னால் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாவிட்டால். அங்கே இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். 4.8 மில்லிமீட்டர் பாப் ரிவெட் அடித்தால் பிராக்கெட் நிரந்தரமாக நிற்கும். ஆனால் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டுமானால் ரிவெட்டை டிரில் போட்டுத்தான் எடுக்க முடியும். ரிவெட் நட் என்றால் 7 மில்லிமீட்டர் துளையில் 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான நட்டே தகட்டில் உட்கார்ந்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். ஸ்கிரீனைத் துவைக்க அடிக்கடி இறக்குவதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். துளை போட்ட இடத்தில் பிரைமர் கொஞ்சம் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். வெறும் தகடாக விட்டால் ஏற்காட்டு ஈரம் அடுத்த மழைக்காலத்துக்குள் துருவாக்கிவிடும்.

அன்று இரவை மட்டும் ஓட்ட வேண்டும் என்றால்: ஒரு டிசம்பரில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தோம். இரவு ஒன்பது மணி இருக்கும். கதவுப் பக்க பிராக்கெட் தட்டென்று விழுந்தது. வெளியே தெருவிளக்கு வெளிச்சம், உள்ளே தூங்கும் குழந்தை. ஸ்க்ரூ உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நைலான் கயிற்றைக் கதவு மேல் கைப்பிடியில் ஒரு முனை, எதிர்ப்பக்கம் சட்டை மாட்டும் கொக்கியில் ஒரு முனை என்று கட்டினேன். துணியைக் கயிற்றுக்கு மேல் மடித்து, என் தலையிலிருந்த கொண்டை ஊசிகளை எடுத்து சாண் இடைவெளியில் இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினேன். ஆறு ஊசி. விடியும்வரை ஒன்றுகூட நழுவவில்லை. துணி கிளிப் இருந்தால் அதுவும் சரி. ஆனால் கிளிப் துணியின் வெளிப்பக்கத்தைத்தான் பிடிக்கும், ஊசி நெசவுக்குள்ளேயே போய் நிற்கும். வண்டி நின்றிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். ஓடும் வண்டியில் குறுக்கே கயிறு ஆபத்து.

## அறிகுறி 3: இழுத்தால் சிக்குகிறது, பாதியில் நிற்கிறது

சேனல் போட்டவர்களுக்கு மட்டும்.

எல்லா இடத்திலும் கடினமாக இருந்தால் தூசி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சேனல் உள்பக்கத்தைத் தேய்த்துவிட்டு மெழுகுவர்த்தியை முழு நீளமும் ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். முதல் நாள் வழுக்கும், நாலாம் நாள் மண்ணோடு சேர்ந்து களியாகிவிடும். துணியிலும் கறை இறங்கும்.

ஒரே இடத்தில் மட்டும் நின்றால் அந்த இடத்தில் சேனலின் உதடு நசுங்கியிருக்கிறது. தட்டை ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பி விரியுங்கள். அலுமினியம் இரண்டு தடவை வளையும், மூன்றாவதில் ஒடியும்.

ரன்னர் உடைந்திருந்தால் சட்டைப் பட்டன். சேனலின் உள் அகலத்துக்குள் போக வேண்டும், வாய்ப் பிளவுக்குள் விழக் கூடாது. அந்த அளவில் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரீன் மேல்பட்டிக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தையுங்கள். நான்கு தையல் போட்டதும் குச்சியை உருவிவிட்டு, தொங்கும் நூலைச் சுற்றி ஆறேழு சுற்று இறுக்கிக் கட்டினால் பட்டனுக்குச் சின்னக் கழுத்து கிடைக்கும். அந்தக் கழுத்துதான் பிளவுக்குள் ஓடும். கழுத்தில்லாமல் ஒட்டித் தைத்தால் துணி பிளவில் மாட்டிக்கொள்ளும். சேனல் ஓரத்து அடைப்பைக் கழற்றி அந்த வழியாகப் பட்டன்களை விடுங்கள். பாலியஸ்டர் நூல் நல்லது. பருத்தி நூல் அலுமினிய விளிம்பில் சீக்கிரம் அறுந்துவிடும்.

புதிய ரன்னர் வாங்கப் போகும்போது பழையது ஒன்றையும் சேனலின் வாய் அளவையும் கையில் கொண்டுபோங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் ரன்னர் அரை மில்லிமீட்டரில் ஏமாற்றிவிடும்.

வளைவான ஜன்னலுக்கு வளைத்துப் போட்ட சேனல் முறுக்கிக்கொண்டிருந்தால் வீட்டில் நிமிர்த்த முயல வேண்டாம். அலுமினிய வேலை செய்பவரிடம் புதிதாகப் போட்டுக்கொள்வதே வழி.

## அறிகுறி 4: வளைவில் தானாகத் திறக்கிறது, மூடுகிறது

ஓட்டுநருக்குப் பக்கத்து ஸ்கிரீன் என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இப்போதே பாருங்கள். ஒருமுறை ஏற்காட்டிலிருந்து இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்கும்போது கேபின் பின்னாலிருந்த துணி முன்னே பறந்து வந்து என் வீட்டுக்காரர் தோளில் விழுந்து, இடப்பக்கக் கண்ணாடியை மறைத்துவிட்டது. இரண்டு நொடிதான். எதிரே பஸ். அன்றிலிருந்து வண்டி ஓடும்போது கேபினில் ஒரு துணியும் தொங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். 2012இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்த பிறகு நிறையப் பேர் ஸ்கிரீனுக்கு மாறினார்கள். ஸ்கிரீன் வண்டி நிற்கும்போது நமக்கு. ஓடும்போது ஓட்டுநரின் இரண்டு பக்கமும், பின்கண்ணாடியும் திறந்திருக்கட்டும்.

முதலில் கட்டுப்பட்டை, அதாவது திறந்த துணியை ஓரத்தில் சேர்த்துக் கட்டும் பட்டை, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைமுடிக்குப் போடும் எலாஸ்டிக் வளையம் ஒன்றும், ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூவும் போதும். பட்டை இருந்தும் நழுவினால் வெல்க்ரோ தேய்ந்திருக்கும். தூசியும் நூலும் சிக்கிய வெல்க்ரோவை ஊசியால் கிளறி எடுத்தால் பாதி உயிர் வரும். புதிது போடுவதென்றால் ஒட்டாமல் தைத்துவிடுங்கள். மூடிய ஸ்கிரீன் திறந்துகொள்கிறது என்றால் இரண்டு ஓரத் துணியையும் பிராக்கெட்டோடு ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டி, நடுப்பாதியை மட்டும் ஓடவிடுங்கள்.

## அறிகுறி 5: அடிப்பக்கம் ஆடுகிறது, இடுக்கில் குளிர் வருகிறது

வேனின் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாயும். அதனால் மேலிருந்து நேராகத் தொங்கும் துணி கீழே கண்ணாடியை விட்டு விலகித்தான் நிற்கும்.

செலவில்லாத வழி: ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையிலோ காயலான் கடையிலோ பழைய கதவு ரப்பர் கேளுங்கள். அதைக் கீறினால் உள்ளே நீளமாகக் கறுப்புக் காந்தப் பட்டை வரும். கத்தரியாலேயே வெட்டலாம். துண்டு துண்டாக ஸ்கிரீனின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுங்கள். ஆனால் முதலில் துண்டு ஒன்றை ஜன்னலுக்கடியில் வைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த இரும்பில் பிடிக்கும். ஃபைபரிலும் அலுமினியத்திலும் பிடிக்காது, பிளைவுட் மூடிய இடத்தில் காந்தத்தின் பலம் எட்டாது.

காந்தம் பிடிக்காத வண்டிக்கு: கீழேயும் ஒரு ஸ்பிரிங். மேலே உள்ளதைவிடத் தளர்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் துணி நடுவில் சுருங்கும்.

மடிப்புக்குள் வாஷரைப் போட்டுக் கனமாக்கலாம் என்பார்கள். நான் செய்து பார்த்துவிட்டேன். வளைவுக்கு வளைவு கண்ணாடியில் அடிக்கும்.

அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் இந்த வேலைகள் எதுவும் வேண்டாம். சமைக்கும் நேரம் அந்த ஸ்கிரீனைக் கழற்றி எடுத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

## அறிகுறி 6: கடகடவென்று சத்தம்

கொக்கிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே டியூப் துண்டு. ராடு போட்டவர்கள் ராடின் இரு முனையிலும் டியூபை மோதிரம்போலச் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் சத்தம் ஸ்கிரீனுடையதே அல்ல. ஜன்னல் ரப்பரைத் தட்டிப் பாருங்கள்.

## அறிகுறி 7: துணியில் ஈரம், துருக் கறை

இரவில் ஜன்னல் ரப்பரைச் சுற்றி, மேலும் கீழும், செய்தித்தாள் துண்டுகளை மடித்துச் செருகிவிட்டுத் தூங்குங்கள்.

காலையில் கீழ்த்தாள் மட்டும் நனைந்திருந்தால்: அது நம் மூச்சுக் காற்றின் ஈரம். குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வழிந்திருக்கிறது. எதிரெதிர் ஜன்னல்களை விரல்கடை திறந்துவைத்துத் தூங்கினால் குறையும். காலையில் ஸ்கிரீனைக் கண்ணாடியிலிருந்து விலக்கி வெயில் படவிடுங்கள். துருப்பிடித்த கொக்கிகளை எவர்சில்வர் கம்பியில் வளைத்த கொக்கியாக மாற்றுங்கள். பூச்சுக் கொக்கி ஒரு மழைக்காலம்தான் வரும்.

மழை பெய்த அன்று மட்டும் மேல்தாள் நனைந்திருந்தால்: ரப்பர் பீடிங் (கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர்) விட்டுப்போயிருக்கிறது, அல்லது மேலே பிராக்கெட்டுக்குப் போட்ட துளை வெளித்தகடு வரை போயிருக்கிறது. துளைதான் என்றால் ஸ்க்ரூவைக் கழற்றி, சிலிகான் வைத்து மறுபடி முடுக்கி, அது காய்ந்த பிறகு ஒருவர் வெளியே மெதுவாகத் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளிருந்து பாருங்கள். பீடிங் என்றால் வண்டிக் கண்ணாடி மாற்றுகிற பட்டறைக்குத்தான் போக வேண்டும். பழைய கண்ணாடியை நாமே நெம்பினால் விளிம்பில் கீறல் விழும், கடைசியில் முழுக் கண்ணாடியும் போய்விடும். அந்த வேலை முடிந்து ஒரு மழையைப் பார்க்கும்வரை அந்த ஜன்னலில் புது பிராக்கெட் அடிக்காதீர்கள். கயிறும் கொண்டை ஊசியும் போதும்.